கொதிகெண்டியும் நாலு முட்டையும்

ராமநாதபுரம் சீமையில் கொதிகெண்டியிடம் திட்டு வாங்காத உயிர் ஒன்று இருந்தால், அது அன்றைக்கு ஊரிலேயே இல்லாத உயிர் என்று அர்த்தம். மைக் செட் கடை வைத்திருந்தார். சொந்தப் பெயர் அவர் கடை போர்டுக்கே மறந்துவிட்டது. வாசலில் நாலு குழாய் ஸ்பீக்கர் கிடக்கும். அவர் தொண்டைக்கு ஒன்றுகூடத் தேவையில்லை. இப்பேர்ப்பட்ட மனிதருக்கு வாய்த்த பொழுதுபோக்கு, மூச்சுக்கூட விடாமல் பார்க்க வேண்டிய பறவைகள்.

எனக்குச் சர்க்கரை என்று டாக்டர் நடக்கச் சொன்ன தொண்ணூறுகளின் காலம் அது. ஞாயிறு காலையில் உச்சிப்புளிப் பக்கம், தரவை என்று நாங்கள் சொல்லும் புல்வெளிக்கு, கொதிகெண்டி ஏழெட்டுப் பேரைக் கூட்டிப்போவார். நடைக்கு நடை, வேடிக்கைக்கு வேடிக்கை என்று நானும் சேர்ந்தேன். வேடிக்கையே நான்தான் என்று யாரும் சொல்லவில்லை.

முதல் திட்டு என் சட்டைக்கு. "என்னய்யா செகப்புச் சட்டை! குருவி பாக்க வந்தியா, மாநாட்டுக்கு வந்தியா?"

அடுத்தது கீழக்கரை ஜமால் பாய்க்கு. துபாயிலிருந்து கொண்டுவந்த பைனாகுலரை மனுஷர் முன்பின்னாகத் திருப்பிப் பிடித்திருந்தார். "பக்கத்துல இருக்குறத தூரமா பாக்கவா பாய் துபாய் வரைக்கும் போனீரு?"

கத்திய கத்தில் புல்லுக்குள் இருந்த வானம்பாடிகள் மொத்தமும் எழும்பிப் போயின. "பாரு, உங்க சத்தத்துல போயிருச்சு!" அதற்கும் எங்களுக்கே திட்டு.

எனக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டது. இன்றோடு இந்த ஆளுக்கு ஒரு கும்பிடு என்று விறுவிறுவென முன்னால் நடந்தேன். தலைக்கு மேலே ஆள்காட்டிக் குருவி ஒன்று வட்டமடித்துக் கிறீச்சிட்டது. நீயுமா என்று நிமிர்ந்தபோது, பின்னாலிருந்து கொதிகெண்டி அலறினார்.

"ஏலே! தூக்குன கால கீழ வைக்காதே!"

பாம்பு. வேறென்ன? ஒற்றைக்காலில் நின்றேன். உடம்பில் சர்க்கரையைத் தவிர எல்லாம் இறங்கிவிட்டது. ராமநாதசாமிக்கு மொட்டை, ஏர்வாடி தர்காவுக்கு ஒரு கெடா, ஓரியூர் சர்ச்சுக்கு ஒரு கட்டு மெழுகுவத்தி என்று நேர்ந்துகொண்டேன். மொட்டை போடத் தலையில் முடி இல்லை என்பதுகூட ஞாபகமில்லை.

"கட்டுவிரியனா சார்?"

அவர் தவழ்ந்து வந்து என் செருப்புக்கடியில் விரலை நீட்டினார். வெறுந்தரையில், மண் நிறத்தில், புள்ளி புள்ளியாக ஆள்காட்டியின் நாலு முட்டை.

"நாலு முட்டைக்காகவாய்யா என் உசுர எடுத்தீரு?"

"நீ பொரிஞ்சு நாப்பது வருசமாச்சு. இது இன்னும் பொரியல. கால அங்கிட்டு வை."

சண்டை முற்றுவதற்குள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓர் ஆட்டுமந்தை வந்துவிட்டது.

"முட்டை கெடக்கு! அங்கிட்டு ஓட்டுய்யா!" என்று கொதிகெண்டி கத்தினார்.

"உம்ம முட்டைக்காக என் ஆடு பறந்தா போகும்?" என்றார் ஆட்டுக்காரர். "முதல்ல கத்தாதீரு. மிரண்டு சிதறுச்சுன்னா முட்டையும் இருக்காது, நீரும் இருக்கமாட்டீரு."

கொதிகெண்டி வாயை மூடினார். முட்டைகளுக்கு மேலே கையையும் காலையும் ஊன்றி, கூரை மாதிரி குனிந்து நின்றார். மந்தை அவரை உரசிக்கொண்டு இரண்டாகப் பிரிந்து போனது. ஒரு கெடா விலாவில் இடித்தது. ஒரு வெள்ளாடு நிதானமாக நின்று வேட்டி ஓரத்தை மென்றது. ஊரை நடுங்கவைத்த அந்தத் தொண்டையிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. மூடியை இறுக்கிய கெண்டி மாதிரி முகம் மட்டும் கொதித்தது.

கடைசி ஆடு தாண்டியதும் எழுந்தார். "என்னய்யா வாயப் பாக்குறீங்க? நகருங்க, தாய் வந்து உக்காரணும்ல!"

கொதிகெண்டி போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போது அந்தத் தடத்தில் தனியாகத்தான் நடக்கிறேன். தலைக்கு மேலே ஆள்காட்டி வந்து கத்தினால், நின்று முழுத் திட்டையும் கேட்டுக்கொள்கிறேன். "பாத்துத்தான் கால வைக்கிறேன் சார்" என்று சொன்ன பிறகுதான் அடுத்த அடி.