கை தூக்க வராத வெள்ளிக்கிழமை

ஒல்லியாக இருப்பது குற்றமில்லை. அதை மூன்றே நாளில் சரிசெய்துவிடலாம் என்று நம்புவதுதான் குற்றம். இருபத்திரண்டு வயதில் எனக்கு அந்த நம்பிக்கை பலமாக இருந்தது. பலமாக இருந்தது அது ஒன்றுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் தி.நகரில் எங்களுக்கு ஒரு ஜவுளிக்கடை. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து அப்பா ஆரம்பித்தது. நான் படிப்பை முடித்துவிட்டு (படிப்புதான் என்னை முடித்தது என்பது அப்பாவின் கட்சி) கடையில் சட்டை மடித்துக்கொண்டிருந்தேன். ஆவணியில் ஒருநாள் அப்பா சொன்னார்: "வெள்ளிக்கெழம பட்டு செக்சன்ல நீயே தனியா உக்காரு. ஒன் சாமர்த்தியத்தப் பாப்போம்."

பட்டு செக்சனில் உட்காருவது எங்கள் வீட்டில் பட்டாபிஷேகம் மாதிரி. அதற்கேற்ற தோள் எனக்கு இல்லை. புதன்கிழமை காலை மாம்பலத்தில் ஒரு மொட்டைமாடி ஜிம்மில் போய் நின்றேன்.

மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா நைனா, கல்யாணமா?"

"இல்ல மாஸ்டர், பட்டுப் பொடவ."

அவர் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. "இன்னிக்கு லைட்டா கை மட்டும் செய். நாளிக்கு ரெஸ்ட்டு. கால அப்பால பாத்துக்கலாம்."

அவர் திரும்பியதும் நான் டம்பெல்லைத் தூக்கினேன், கம்பியில் தொங்கினேன், தண்டால் எடுத்தேன். வியாழக்கிழமை லேசான இறுக்கம்தான். என் உடம்பு தனி ரகம் என்று முடிவுகட்டி, மாஸ்டர் வருவதற்கு முன்பே போய் பஸ்கி எடுத்தேன். தோளில் பாரத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் ரொம்ப நிதானமாக உட்கார்ந்து எழுந்தேன். கண்ணாடியில் அது கம்பீரமாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை கண் மட்டும் விழித்தது. கை முகம்வரை வர மறுத்தது. பிரஷ்ஷைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டிப் பல் துலக்கினேன். அம்மா தோளெல்லாம் நீலகிரித் தைலம் தேய்த்துவிட, மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கிக் கடைக்குப் போனேன். வெள்ளை மெத்தையில் உட்காரவில்லை, விழுந்தேன்.

முதல் போணிக்கு மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி மகளோடு வந்தார். "கூறைப்புடவை எடுத்தாச்சு. நிச்சயதார்த்தத்துக்கு ஒண்ணு காட்டுங்கோ. அதோ மேல்தட்டுல மயில்கழுத்துக் கலர் இருக்கே, அது."

கை மார்புக்கு மேல் போகவில்லை.

"அது உங்க பொண்ணுக்கு எடுக்காது மாமி," என்றேன். (எடுக்காதது என் கை.)

"அப்போ பக்கத்துல இருக்கற வாடாமல்லி?"

"அது கொஞ்சம் வயசானவங்க கட்டுறது."

இப்படியே மேல்தட்டு முழுவதையும் என் வாயாலேயே தள்ளுபடி செய்தேன். மாமி மகளிடம் திரும்பினார். "பாத்தியோ, வியாபாரத்தப் பாக்காம உள்ளதச் சொல்றார். இந்தக் காலத்துல யாரு சொல்றா?" எனக்கே என்மேல் மரியாதை வந்தது. அடுத்த நிமிடம் மாமி கைக்கெட்டிய ஒரு பச்சைப் புடவையைக் காட்டி, "இத எழுந்து தோள்ல போட்டுக் காட்டுங்கோ," என்றார்.

முழங்காலை ஊன்றினேன். தொடை இரண்டும் கைவிட்டன. விரித்த பட்டுகளின் மேல் குப்புற விழுந்தேன்.

"என்னடி இது, புடவைலேர்ந்து தைல வாசனை வர்றது?" என்றார் மாமி.

கல்லாவிலிருந்து அப்பா ஓடி வந்தார். "என்னலே?"

"கை தூக்க வரலப்பா."

"எந்திரி."

"காலும் வரலப்பா."

அப்பா என்னை அக்குளில் பிடித்துத் தூக்கிச் சுவரில் சாய்த்தார். மாமி பதறி, "ஐயோ பாவம், வாதமா?" என்று கேட்டுவிட்டார். அதற்குமேல் மறைக்க முடியாமல் ஜிம் கதையைச் சொன்னேன். மகள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அப்பா மேல்தட்டிலிருந்து மயில்கழுத்தை எடுத்துத் தன் தோளில் போட்டுக் காட்டினார். மாமி அதையே வாங்கினார். "கொழந்தையத் திட்டாதீங்கோ," என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

சாயங்காலம் அப்பாவே வெந்நீர் விளாவி என் தோளில் ஊற்றினார். திட்டுக்காகக் காத்திருந்தேன். "நானும் மொதமொதல்ல ஜவுளி மூட்டை தூக்கிட்டு ரெண்டாம் நாளு அழுதிருக்கேன்," என்றார். "ஒங்கம்மாகிட்ட சொல்லிராத."

மறுநாள் ஜிம்முக்கு (பாதி தவழ்ந்து) போனேன். மாஸ்டர் சிரிக்கவில்லை. "வெயிட்ட தூக்கசொல்லோ இல்ல நைனா, எறக்கசொல்லோதான் சதை ஜாஸ்தி அடி வாங்கும். ரெண்டாம் நாள்தான் காட்டும். ரெஸ்ட்டு எடுத்தாதான் அது தேறும். அதுக்குன்னு படுத்தே கெடக்காத, பீச்சாண்ட மெதுவா நட." பெசன்ட் நகர் கடற்கரையில் நடந்தேன். நடைவண்டி தள்ளிய குழந்தை ஒன்று என்னை முந்திக்கொண்டு போனது. ஒரு வாரத்தில் கை காது வரை எட்டியது.

சில வருடங்கள் கழித்து எனக்குக் கல்யாணம். அதற்குள் எங்கள் வாடிக்கையாகிவிட்ட அந்த மயிலாப்பூர் மாமியையும் அப்பா அழைத்திருந்தார். கெட்டிமேளம் கொட்ட, தாலியைக் கையில் வாங்கினேன். அப்பா என் காதருகே குனிந்து, மேளத்தை மீறிக் கத்தினார். "ஏலே, கை தூக்க வருதா?"

முன்வரிசையில் மாமி சிரித்துக் குலுங்கியதைப் பார்த்து எனக்கும் அடக்க முடியவில்லை. தாலி கட்டும் புகைப்படத்தில் எல்லோரும் சிரிக்கிறோம், மணப்பெண் மட்டும் விழிக்கிறாள். பந்தி முடிவதற்குள் மாமியே அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அன்று முதல் இந்தக் கதையை வீட்டில் சொல்வது என் மனைவிதான். என்னைவிட நன்றாகவே சொல்கிறாள். குப்புற விழுவதை நடித்தும் காட்டுகிறாள்.