பூச்சியண்ணன் மீசையைப் பணயம் வைத்த கதை

மதுரையில் மீன் பிடித்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். மீன் என்ன சாப்பிடும் என்று மரியாதையாக விசாரித்து, அதற்காக ஆபீசுக்கு லீவும் போட்டவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டுமே தெரியும். பூச்சியண்ணன் என்றால் வைகைக் கெண்டைகூடத் திரும்பிப் பார்க்கும்.

வெள்ளைக்காரர் காலம். அண்ணனும் நானும் ஒரே ஆபீசில் குமாஸ்தாக்கள். கோரிப்பாளையத்தில் ஒரே அறையில் குடியிருந்தோம். சீமைக்குத் திரும்பிய எங்கள் துரை, அண்ணனுக்கு ஒரு தூண்டிலையும் தகரடப்பாவையும் கொடுத்துவிட்டுப் போனார். டப்பா நிறைய இறகாலும் நூலாலும் கட்டிய பொய்ப் பூச்சிகள். மண்புழு வேண்டாம், இதைத் தண்ணீர்மேல் மிதக்கவிட்டால் மீன் நிஜப் பூச்சி என்று ஏமாந்து கவ்வும். சீமையில் கவ்வியதாம். வைகையில் ஒரு மீன் மோந்துகூடப் பார்க்கவில்லை.

அண்ணன் அசரவில்லை. “மாப்ள, இது சீமைப் பூச்சி. நம்ம கெண்டை இதக் கண்டதே இல்ல. நம்ம தண்ணியில எந்தப் பூச்சி எப்ப எந்திரிக்கும்னு தெரிஞ்சாப் போதும், அதே மாதிரி கட்டிப்புடலாம்!”

பைத்தியம் அன்று பிடித்தது. ஆற்றில் கல்லைப் புரட்டி, அடியில் ஒட்டியிருந்த பூச்சிக் குஞ்சுகளைக் கொண்டுவந்து அறைக் கூஜாவில் வளர்த்தார். என்னிடம் சொல்லவில்லை. வெயிலில் வந்த நான் அண்ணாந்து மடமடவென்று குடித்தேன்.

“அடப்பாவி! றெக்க மொளைக்க வேண்டிய புள்ளைகள முழுங்கிட்டியேடா!”

“அண்ணே, எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?”

“ஒனக்கு என்ன ஆனா என்ன? அதுகள நெனைச்சுப் பாத்தியா?”

வெகு நாள் என் வயிற்றுக்குள் எதுவோ பறந்துகொண்டே இருந்தது.

மறுபடி குஞ்சு பிடித்து வளர்த்து, எது எப்போது எழும்பும் என்று அண்ணன் கண்டுகொண்டார். அடுத்தது அதே மாதிரி பூச்சி கட்டும் படலம். செல்லூர்த் தறிகளில் மிஞ்சிய நூல், செல்லூர்ச் சேவல்களின் இறகு. அண்ணனைக் கண்டால் சேவல்கள் ஓட்டின்மேல் ஏறின. துணைக்குப் போன என்னை ஒரு சேவல் கொத்திய இடத்தைக் கேட்காதீர்கள். அந்த மாதம் நின்றுகொண்டே கணக்கு எழுதினேன்.

செல்லூர்க் கண்மாய்க் கரையில் ஒரு வலைக்காரர் இதையெல்லாம் பார்த்துச் சிரித்தார். “ஏண்ணே, கோழி றெக்கைக்கு மீன் வருமாக்கும்? வந்தா எம் மீசைய எடுத்துக்கிறேன். வரலைன்னா ஒங்க மீசை!”

அண்ணனுடைய மீசையில் எலுமிச்சம்பழம் நிற்கும். அதைத் தடவிக்கொண்டே சொன்னார்: “மொத மழை பேஞ்சிருக்கு. நாளைக்குப் பொழுது சாய, வெள்ளையா, மூணு வால் வச்ச பூச்சி இந்தத் தண்ணியில இருந்து எந்திரிக்கும். மீன் அம்புட்டும் மேல வரும். வந்து பாருய்யா!”

மறுநாள் செல்லூரே கரையில் நின்றது. பொழுது சாய்ந்தது. பூச்சியைக் காணோம்.

“அண்ணே, பூச்சி ரயிலைத் தவற விட்டுருச்சு போல!” என்றது கூட்டம்.

அப்போது ஒன்று எழும்பியது. வெள்ளை. மூன்று வால். பின்னால் பத்து, நூறு, கண்மாயே புகைந்தது! கெண்டைகள் துள்ளித் துள்ளி விழுங்கின. “வீசுங்கண்ணே!” என்று நான் கத்தியதில் என் வேட்டி அவிழ்ந்ததுகூடத் தெரியவில்லை.

வீசினார். வீசினார். லட்சம் நிஜப் பூச்சிகளுக்கு நடுவே எங்கள் சேவல் இறகைத் தேடி எந்த மீன் வரும்? அண்ணன் சொன்னது அளவுக்கு மீறிப் பலித்துவிட்டது. அதனாலேயே மீசை போகப்போகிறது.

திரும்பினால் தூண்டில் கரையில் கிடக்கிறது. அண்ணன் இடுப்பளவுத் தண்ணீரில் கைகளை விரித்து நிற்கிறார். தலை, தோள், மீசை எல்லாம் பூச்சி. “சொன்னேன்ல மாப்ள! சொன்னபடி வந்துருச்சு பாரு!”

“அண்ணே, மீனு?” என்றார் வலைக்காரர்.

“மீனு கெடக்கட்டும்யா! பூச்சியப் பாரு!”

இருட்டும்வரை ஒரு மீனும் படவில்லை. “வெளையாட்டுக்குச் சொன்னேண்ணே, மீசை இருக்கட்டும்” என்று வலைக்காரரே கெஞ்சினார். அண்ணன் கேட்கவில்லை.

மறுநாள் ஆபீசில் ஹெட்கிளார்க் அவரை, “யாரைப் பார்க்கணும்?” என்று கேட்டார். ஆளாளுக்கு வந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். ஆனால் அவர் கை மட்டும் அடிக்கடி மேலே போய், முறுக்க ஒன்றுமில்லாமல் இறங்கியது.

அடுத்த நாள் காலை நானும் நாவிதரிடம் போனேன். என் மீசை இருந்ததா என்றே பலருக்குச் சந்தேகம். ஆனாலும் எண்ணெய் தடவி வளர்த்தது. ஆபீசில் கேட்டவர்களிடம், வெயில் தாங்கவில்லை என்றேன். அண்ணன் மட்டும் கேட்கவில்லை. அன்று முழுக்கத் தன் நாற்காலியை என் மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.