ஊசிக்கு வீடு பார்ப்பவர்கள்

டப்பா பிடிப்பவர்கள் என்று மனிதரில் ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டுக்கு வந்தவர் யாராவது, பிஸ்கட் தகரத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டே ரெண்டுதான் இருக்கு, சாப்பிட்டு முடிச்சிடுங்களேன்" என்று உங்களை அன்போடு வற்புறுத்தியது உண்டா? அவர்தான். உங்கள் வயிற்றைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. தகரத்தைப் பற்றித்தான்.

மளிகைக்கு டப்பா பிடிப்பவர்கள், ஆணி திருகாணிக்கு டப்பா பிடிப்பவர்கள் எல்லாம் அப்பாவிகள். அவர்களை மன்னித்துவிடலாம். முற்றிய வகை ஒன்றுதான்: கைத்தையல் சாமானுக்கு டப்பா பிடிப்பவர். யோசித்துப் பாருங்கள். நாலு ஊசி, கொஞ்சம் நூல்கண்டு, சின்னதாக ஒரு கத்தரிக்கோல், சட்டைகளிலிருந்து உதிர்ந்த பட்டன்கள், கொக்கி, ஊக்கு. இவ்வளவையும் ஒரு பழைய சோப்பு டப்பாவில் போட்டு மூடினால் காரியம் முடிந்தது. முடிந்துவிட்டால் அப்புறம் அவர் என்ன செய்வார், பாவம்?

என் அண்ணி இந்த வகை. தைக்கத் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். அண்ணி ஓரம் மடித்துத் தைத்த துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் தையல் எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. அவ்வளவு கைவேலை. ஆனால் தைக்க நேரம் கிடைப்பதில்லை. சாமானை எதில் வைப்பது என்று முடிவு செய்வதிலேயே பொழுது போய்விடுகிறது.

முதலில் கண்ணாடி பாட்டில்தான் உத்தமம் என்றார். உள்ளே இருப்பது வெளியே தெரியும். பிறகு வெளிச்சம் பட்டால் நூல் வெளுக்கும் என்று தகரத்துக்கு மாறினார். தகரம் துருப்பிடித்தால் ஊசிக்கும் தொற்றும் என்று பிளாஸ்டிக்குக்கு வந்தார். மூடி இறுக்கமாக இருந்தால் திறக்கும்போது எல்லாம் எகிறிச் சிதறுகிறது, தளர்வாக இருந்தால் கையில் எடுத்துப்போக முடிவதில்லை என்று அதையும் தள்ளிவிட்டு, என் அண்ணனின் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் கை வைத்தார். அண்ணன் இப்போது மூக்குக்கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வாரம் தவறாமல் அதன்மேல் உட்காருகிறார்.

ஒருமுறை கண் பரிசோதனைக்குப் போயிருந்தோம். டாக்டர் விதவிதமான சோதனைக் கண்ணாடிகளைத் தன் மரப்பெட்டியிலிருந்து எடுத்து எடுத்து அண்ணியின் மூக்கில் மாட்டி, "இப்போ தெளிவா தெரியுதா?" என்று கேட்டார்.

"ரொம்பத் தெளிவா தெரியுது டாக்டர். எவ்வளவு சின்னச் சின்னப் பள்ளம்! அந்தப் பெட்டி எங்க கிடைக்கும்?"

ஊசி போகிற வழியிலேதான் நூலும் போகும் என்பார்கள். அண்ணி வீட்டில் அது நடந்ததே இல்லை. காரணம், அங்கே எப்போதும் குடிமாற்றம். பழைய டப்பாவைக் காலி செய்தாகிவிட்டது; புது டப்பா இன்னும் மனதுக்குப் பிடிக்கவில்லை. ஆகவே டப்பாக்கள் எல்லாம் கழுவித் துடைத்து அலமாரியில் கொலுவிருக்க, சாமான்கள் வீடு கிடைக்காத குடும்பம்போல ஒரு கடைப்பையில் கிடக்கும். கேட்டால், "மாத்திட்டு இருக்கேன்" என்பார். என்றைக்குக் கேட்டாலும் அதேதான்.

நான் அங்கே தங்கியிருந்த ஒரு நாள் காலை, இந்தக் குடிமாற்றத்துக்கு நடுவில் ஒரு பட்டன் கழன்று விழுந்தது.

என் அண்ணன் மகள் வேலை பார்த்த அலுவலகத்தை மூடிவிட்டார்கள். அவளும் விண்ணப்பம் போட்டுப் போட்டுக் களைத்து, சாப்பாட்டு மேசையில் யாரிடமும் பேசாமல் எழுந்து போகிற அளவுக்கு வந்தபிறகு, ஓரிடத்திலிருந்து நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நேரம் தவறினால் உள்ளே விடமாட்டார்களாம். வாசலில் வண்டி நிற்கிறது. நல்லதாக இருந்த ஒரே வெள்ளைச் சட்டையை மாட்டினாள். நட்டநடு மார்பில் இருந்த பட்டன் கையோடு வந்துவிட்டது.

"அம்மா! பட்டன்!"

"பதறாதே. இதுக்காகத்தானே நான் இத்தனையும் வெச்சிருக்கேன்?" அண்ணி முகத்தில் கவலையே இல்லை. இத்தனை நாள் கேலி செய்தவர்களுக்கெல்லாம் பதில் சொல்லும் நேரம் வந்துவிட்ட பெருமைதான் இருந்தது. மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். உள்ளே கொஞ்சம் பஞ்சு.

"ஊசி எங்க?"

"இதுலதான் இருந்தது. உருளுதேன்னு, கிழமைக்கு ஒரு அறை இருக்கே, அப்பாவோட மாத்திரை டப்பா, அதுக்கு மாத்தினேன். செவ்வாய்க்கிழமை அறையில." திறந்தார். "அதுலயும் இல்லியே. ஆமா, நான்தான் எடுத்துட்டேன். மாத்திரைன்னு நெனச்சு அவர் முழுங்கிட்டா?"

"நான் அவ்வளவு மோசமா?" என்றார் அண்ணன், டீயை உறிஞ்சியபடி.

"கைப்பையில சின்னதா ஒண்ணு வெச்சிருப்பீங்களே அண்ணி, வெளியில எடுத்துட்டுப் போக?" என்றேன் நான்.

"அது கைப்பைக்குள்ள துருத்திட்டு நின்னுதும்மா. தட்டையா ஒண்ணு பார்த்துட்டு மாத்திக்கலாம்னு காலி பண்ணேன்."

கடைப்பையைக் கவிழ்த்தோம். கொக்கி விழுந்தது, அளவு டேப் விழுந்தது, யாருடையது என்றே தெரியாத கோட்டுப் பட்டன்கள் மழைபோல் விழுந்தன. ஊசி விழவில்லை. வெள்ளை நூலும் இல்லை.

"அம்மா, ஒரு ஊக்கு குடு, போதும்!"

"ஊக்கா? நான் உயிரோட இருக்கறப்ப நீ ஊக்கு குத்திட்டு இன்டர்வியூக்குப் போவியா?" என்று அண்ணி சீறினார். சீறியதற்கு உண்மைக் காரணம், ஊக்கும் கிடைக்கவில்லை என்பதுதான்.

வாசலில் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். பெண்ணின் கண் நிறைந்துவிட்டது. அப்போதுதான் அண்ணன் டீக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து, தன் நாற்காலிக்குப் பின்னால் இருந்த ஜன்னல் திரையைத் தூக்கிக் காட்டினார். ஓரம் பாதி மடித்துத் தைத்தபடி நின்றுபோயிருந்த திரை. தையல் நின்ற இடத்தில், பச்சை நூலின் நுனியில், ஊசி சாவகாசமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"ரொம்ப நாளா என் தோளைக் குத்திட்டு இருக்கு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா அதுக்கும் ஒரு டப்பா தேடுவே."

அண்ணி பாய்ந்துபோய், பச்சை நூலை ஒரு சாண் விட்டு அறுத்து, நின்றிருந்த பெண்ணின் சட்டையிலேயே பட்டனை வைத்து, நாலு குத்து, ஒரு சுற்று, ஒரு முடிச்சு. கத்தரிக்கோல் கிடைக்காததால் நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார். கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வெள்ளைச் சட்டையில் பச்சைப் புள்ளியோடு அவள் ஓடினாள்.

அதன்பிறகு அண்ணி சமையலறைப் பக்கமே போகவில்லை. ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அவளுக்கு இது கிடைக்கலன்னா என்னாலதாம்மா. எனக்குப் புத்தி வந்துடுச்சு."

நானும் நம்பினேன். நானும் மனுஷிதானே.

மத்தியானம் பெண் திரும்பி வந்தாள். வாசலிலேயே முகம் சொல்லிவிட்டது. வேலை கிடைத்துவிட்டது! அண்ணி அவளைக் கட்டிக்கொண்டு கொஞ்சம் அழுதுவிட்டு, மெல்லக் கேட்டார்: "பச்சை நூலைப் பார்த்துட்டாங்களா?"

"எதிர்ல இருந்த அம்மா பார்த்தாங்க. 'காலையில அவசரமோ?'ன்னாங்க. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, அவங்களும் சிரிச்சாங்க. அப்புறம் பயமே போயிடுச்சும்மா."

சொல்லிக்கொண்டே பையிலிருந்து, காத்திருந்தவர்களுக்கு அங்கே கொடுத்த சாப்பாட்டு டப்பாவை எடுத்துக் குப்பைத்தொட்டியை நோக்கி நடந்தாள். உள்ளே மூன்று அறைகள். 'டக்'கென்று கவ்விக்கொள்ளும் மூடி.

"அய்யய்யோ, தூக்கிப் போட்டுடாதே!"

நாங்கள் மூவரும் திரும்பிப் பார்த்தோம். அண்ணியின் கண்ணில் நீர் இன்னும் காயவில்லை. ஆனால் பார்வை மாறிவிட்டிருந்தது.

"இன்னிக்கு நமக்கு என்ன குறைன்னு இப்பதான் புரியுது. அவசரத்துக்குன்னு தனியா ஒரு டப்பா இல்ல!"

டப்பாவைக் கழுவினார், துடைத்தார், ஊதினார், வெயிலில் காட்டினார். ஊசியை ஓர் அறையில் வைத்து மூடினார். டக். மறுபடி திறந்தார். "உயரம்தான் கொஞ்சம் அதிகமோ?" என்றார், தனக்குள்.

திரை இன்னும் பாதித் தையலோடுதான் தொங்குகிறது. அண்ணனுக்கு ஒரே லாபம், தோளில் குத்துவது நின்றது.

நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் அலமாரியின் மேல்தட்டைப் பாருங்கள். செல்போன் வந்த அட்டைப்பெட்டி, கைக்கடிகாரம் வந்த டப்பா, யாரோ எப்போதோ கொடுத்த சாக்லேட்டின் தகரம் எல்லாம் எதற்காக அங்கே காத்திருக்கின்றன? நான் கேட்கவில்லை. கதவுக்குப் பின்னால் பட்டன் இல்லாமல் மாட்டியிருக்கிற சட்டையை மட்டும் இன்றைக்கு எடுத்துத் தைத்துவிடுங்களேன்.

என்ன சொன்னீர்கள்? அந்தச் சாக்லேட் தகரத்தில் ஊசியும் நூலும் அடங்குமா என்று முதலில் பார்த்துவிட்டா?