திருஷ்டி தின்ற தொட்டிமரம்

தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில், வழியிலுள்ள புதுக்கோட்டை என்ற சிற்றூரைத் தாண்டியதும் பஸ்கள் நகர முடியாமல் நிற்கும். விபத்து இல்லை. மறியல் இல்லை. ஒரு மரம்தான் காரணம். அதுவும் ஒரு முழ உயரம். பீங்கான் தொட்டிக்குள் வளைந்து உட்கார்ந்திருக்கும் போன்சாய்.

துறைமுகத்துக்கு வந்த ஏதோ கன்டெய்னரில் கேட்பாரற்றுக் கிடந்ததாம். என்ன மரம் என்று யாருக்கும் தெரியவில்லை. காலேஜ் பிள்ளைகள் செல்போனில் படம் பிடித்துத் தேடினார்கள். ஒரு செயலி எலுமிச்சை என்றது. இன்னொன்று ஒலிவ மரம் என்றது. அப்படியென்றால் இது பெயரே இல்லாத தெய்வ மரம் என்று அறிவித்துவிட்டார் சிவனணைந்தபெருமாள். போன வருஷம் வரை மனை புரோக்கர். இந்த வருஷம் உப்புச் சித்தர். இரண்டு தொழிலுக்கும் ஒரே முதலீடு, இல்லாததை இருப்பதாகக் காட்டும் வாய்.

மரத்தின் மகிமை இதுதான். உப்பையும் மிளகாய் வத்தலையும் உங்கள் தலையைச் சுற்றி, வத்தலைத் தீயில் போட வேண்டும். உப்பைத் தொட்டியில் கொட்டி ஒரு செம்பு தண்ணீர் விட வேண்டும். மறுநாள் காலையில் இலை மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். உங்கள் திருஷ்டியைத் தின்றுவிட்டு மரம் அழுதிருக்கிறது! வேறு செடியென்றால் மூன்றாம் நாளே கருகியிருக்கும், இது கருகவில்லையே என்று படித்தவர்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கொட்டிய உப்புதானே இலையில் வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. இத்தனைக்கும் வரிசையில் பாதிப் பேர் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். நாளெல்லாம் உப்பு வாரிய கையை நீட்டி, சித்தர் வாசலில் உப்புப் பொட்டலம் வாங்கினார்கள்.

அந்த வரிசையில் உப்பளத்துச் சுடலைச்செல்வியும் நின்றாள். இடுப்பில் எட்டு வயது மகள் பேச்சி. பிள்ளைக்கு வலிப்பு உண்டு. மாத்திரையில் அடங்கியிருந்தது. "மருந்து உள்ள இருந்தா மரம் இழுக்காது தாயி" என்று சித்தர் அதை நிறுத்தச் சொல்லிவிட்டார். நிறுத்திப் பதினோரு நாள். அதற்குள் இரண்டு முறை பிள்ளை விழுந்துவிட்டது.

செய்தி கேட்டு பழையகாயலிலிருந்து அக்கா ஆறுமுகத்தாய் ஓடிவந்தாள். கழிமுகத்துச் சேற்றில் அலையாத்திக் கன்று நடும் கூலிக்காரி. தொட்டியை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏளா, இது நம்ம அலையாத்தி மரம்லா! உப்புத் தண்ணியக் குடிச்சிட்டு உப்ப இலை வழியா வெளிய தள்ளும். அதுக்குப் பொழப்பே அதுதான்."

"அப்போ இத்தன பேரும் பைத்தியமாக்கா?"

உண்மையான பதில் மரியாதையாக இருந்திருக்காது. மறுநாள் ஆறுமுகத்தாய் ஷேர் ஆட்டோவில் பத்துக் கன்றுகளைக் கொண்டுவந்து சித்தர் வாசலில் இறக்கினாள்.

"சாமி, இதெல்லாம் உம்ம மரத்தோட பிள்ளைங்க. இதுக்கும் சக்தி உண்டுமா?"

சித்தரின் கண்ணில் உடன்குடிக்கு ஒன்று, குலசேகரன்பட்டினத்துக்கு ஒன்று என்று பத்துக் கிளைகள் திறந்துவிட்டன. "உண்டு தாயி! ஒரே ரத்தம்லா!"

"அப்போ இந்த அஞ்சு கன்னு முன்னால மட்டும் சுத்திப் போடுவோம். உப்பு வேண்டாம், வெறும் வத்தல். சக்தி மரத்துலதான இருக்கு, உப்புலயா இருக்கு?"

கூட்டம் ஆமாம் போட்டது. சித்தரால் மறுக்க முடியவில்லை. பேச்சி உட்பட ஐந்து பேருக்கு, ஆளுக்கொரு கன்றின் முன்னால் வத்தல் சுற்றினார்கள். மற்ற ஐந்தை யாரும் தொடவில்லை. எல்லா இலைகளையும் ஈரத் துணியால் துடைத்து, சித்தரின் கொட்டகைக்குள் வைத்துப் பூட்டி, சாவியைப் பழக்கடை தங்கதுரை அண்ணாச்சியிடம் கொடுத்தார்கள்.

காலையில் அண்ணாச்சி திறந்தார். சுற்றிப்போட்ட ஐந்தும் பளபளவென்று இருந்தன. ஒரு பொட்டு உப்பு இல்லை. யாரும் சீண்டாத ஐந்தின் இலையெல்லாம் உப்பு.

"இது யாரு திருஷ்டி சாமி?" என்றாள் ஆறுமுகத்தாய்.

"அது... வரிசையில நின்னவங்க கண்ணு பட்டிருக்கும்."

"பக்கத்துலயே நின்ன அஞ்சு மேலயும் அந்தக் கண்ணு படலியோ?"

அண்ணாச்சிதான் முதலில் சிரித்தார். ஆறுமுகத்தாய் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். "சுத்திப்போட்ட அஞ்சும் நான் மாசக்கணக்கா நல்ல தண்ணி ஊத்தி வளத்தது. மத்த அஞ்சும் கழிமுகத்துத் தண்ணியில நின்னது. உப்பு ஊத்துனா உப்பு வரும். ஊத்தாட்டா வராது. இதுக்கா பிள்ள மாத்திரைய நிப்பாட்டுனிய?"

சித்தர் பின்வாசல் வழியாகப் போனார். சுடலைச்செல்வி அதைப் பார்க்கக்கூட இல்லை. "என் பிள்ளைய நானே கொல்லப் பாத்தேனே" என்று வாய்விட்டு அழுதபடி, பேச்சியைத் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோ ஏறினாள். அந்த அழுகை ஒன்றுதான் அந்தக் கொட்டகையில் வந்த உண்மையான கண்ணீர்.

கூட்டம் கலையவில்லை. செல்வதுரை என்ற வாத்தியார் ஒருவர் மெல்ல ஆறுமுகத்தாயிடம் வந்து, கைகூப்பிக் கேட்டார்.

"அம்மா, அழுத அஞ்சுல எதுக்குச் சக்தி கூடுதல்?"

மரத்துக்கு ஓரறிவு என்கிறார்கள். அது தனக்கு ஆகாததை அன்றாடம் வெளியே தள்ளிவிடுகிறது. ஆறறிவுக்காரர்களே, நீங்கள் எப்போது தள்ளப்போகிறீர்கள்?