இஸ்பஹான் மூலையில் நான் சொன்னது

உ
பிள்ளையார் துணை

சீசா, பலெர்மோ, இத்தாலி
வெள்ளிக்கிழமை

மதிப்புக்குரிய அண்ணாவுக்குத் தங்கை குகனேஸ்வரி எழுதிக்கொள்வது.

நீங்களும் அண்ணியும் சுகமாயிருக்க வேண்டுமென்று இன்று விளக்கேற்றும்போதும் கேட்டுக்கொண்டேன். எங்கள் சுகத்தைப் பற்றி அடுத்த மாதம் பத்தாம் திகதிக்குப் பிறகுதான் உறுதியாக எழுதலாம். அன்றுதான் மகள் கேசிகாவின் கல்யாணத்துக்கு நாள் வைக்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். வருவார்களா என்பதுதான் இப்போதைய கேள்வி. வைபரில் கதைக்கலாம்தான். ஆனால் நான் உங்களுக்குப் போன் எடுத்தால் இவர் உங்களோடு இரண்டு வார்த்தை கதைக்கவென்று பக்கத்தில் வந்து இருந்துவிடுவார். பிள்ளையின் சாதகக் குறிப்பில் பிறந்த நேரத்தைப் பதினெட்டு நிமிடம் பிந்திப் போட்டு, ஏழாம் வீட்டில் இருந்த செவ்வாயை நீங்களும் உங்கள் சாத்திரியாரும் ஆறாம் வீட்டுக்கு அனுப்பிவைத்தது இவருக்கு இன்றுவரை தெரியாது. அந்த உதவியை நான் கண்மூடும்வரை மறக்க மாட்டேன். ஆகவே கையால் எழுதி, நாளை ஊருக்குப் பயணமாகிற அனிற்றாவிடம் கொடுத்துவிடுகிறேன்.

இவர் வேலை செய்கிற வீட்டுப் புரொபெசோரே பழைய கட்டடங்களைப் பற்றிப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். எங்கள் யன்னலால் தெரிகிற சீசா மாளிகைக்குள் கல்லிலே தேன்கூடு செதுக்கினது மாதிரி ஒரு வளைவு உண்டு. அதற்குப் பிறந்த வீடு பாரசீகம் என்று சொல்லி, பதினைந்து பேரை ஈரானுக்குக் கூட்டிக்கொண்டு போக ஒழுங்கு செய்தார். இரண்டு பேர் வரமுடியாமல் போக, அந்த இரண்டு இடத்தையும் எங்களுக்குத் தந்தார். இவருக்கு லீவு இல்லை. மாப்பிள்ளைப் பொடியன் விதுரனின் தாய் சிவமலரைக் கூட்டிக்கொண்டு போனேன். சம்பந்தியாகப் போகிறவவோடு பழகிக்கொள்ளலாம் என்ற நல்ல எண்ணம்தான். கூட்டத்தில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டும். இதை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

இஸ்பஹானில் ஒரு பெரிய சதுக்கம். நாலு பக்கமும் நீல ஓட்டுக் கோபுரங்கள், மண்டபங்கள், நடுவிலே தடாகம். தண்ணீரைக் கண்டபிறகு கால் அலம்பாமல் உள்ளே போக எனக்கு மனம் வரவில்லை, சிவமலருக்கும் வரவில்லை. முக்காடு ஒரு பக்கம் நழுவ, சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நாங்கள் அலம்பி முடிக்க, புரொபெசோரே அலி காப்பு மாளிகையில் தன் விளக்கத்தைச் சொல்லி முடித்துவிட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்த நேரம், வளைவுக் கூரையின் கீழே ஆட்கள் மூலைச் சுவரோடு முகத்தை ஒட்டிக்கொண்டு ஏதோ முணுமுணுத்துவிட்டுச் சிரித்த முகத்தோடு திரும்பி வருகிறார்கள். அண்ணா, இதைக் கண்டால் உங்களுக்கு என்ன தோன்றும்? சிவன் கோயிலில் நந்தியின் காதில் குறை சொல்லுவது மாதிரி இதுவும் ஒரு வேண்டுதல் இடம் என்றுதான் நான் நினைத்தேன். ஒரு மூலை வெறுமையாகக் கிடந்தது. போய் நின்று, கண்ணை மூடி, பதினெட்டு நிமிடத்தையும், ஏழாம் வீட்டையும், ஆசுப்பத்திரிக் கடதாசியில் உள்ள உண்மையான நேரத்தை நான் அரிசிப் பெட்டிக்கடியில் ஒளித்து வைத்திருப்பதையும் ஒன்றும் விடாமல் சொல்லி, பிள்ளையின் வாழ்வு கெட்டுவிடக் கூடாது என்று அழுது மன்றாடினேன். மனம் பஞ்சுபோல ஆகிவிட்டது. திரும்பி வந்தபோது புரொபெசோரே கேட்டார், விளையாட்டு எப்படி என்று. எந்த விளையாட்டு என்றேன். இந்த மூலையில் மெதுவாகச் சொன்னால் எதிர் மூலையில் நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்குமாம், கட்டினவர்களின் கெட்டித்தனமாம். எதிர் மூலையைப் பார்த்தேன். அங்கே சுவரோடு முகத்தை வைத்துச் சிவமலர் நின்றுகொண்டிருந்தா.

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் நடுவே ஒரு கோடு கீறி, 'அவவுக்குக் கேட்டது' என்று இடப்பக்கம், 'கேட்கவில்லை' என்று வலப்பக்கம் போட்டு, அவ சொல்வதையெல்லாம் பதிந்துவந்தேன். அன்றிரவு ஒன்றாக இருந்து சோறு சாப்பிட்டா, வலப்பக்கம் பதிந்தேன். பெர்செபோலிஸில் இரண்டாயிரத்து ஐந்நூறு வருசத்துச் சிற்பங்களைக் காட்ட, "கல்லிலை வெட்டினதை ஒருத்தரும் திருத்தேலாது, கடதாசியெண்டால்தான் வில்லங்கம்" என்று பெருமூச்சு விட்டா, இடப்பக்கம். யஸ்த் ஊரிலே ஆயிரத்து ஐந்நூறு வருசமாக அணையாமல் காக்கிற நெருப்பைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். நான் கும்பிட்டுக்கொண்டு நிற்க, அவ என் முகத்தையே பார்த்து, "நெருப்புக்கு முன்னாலை பொய் நிக்காது, என்ன மச்சாள்?" என்றா. ஓம் என்று சொன்னேன். கொப்பியில் இடப்பக்கம் நிரம்பிவிட்டது. வலப்பக்கத்தில் அந்த ஒரு சோறுதான் இருக்கிறது.

வந்து ஆறு நாளாகிறது. முந்தி, நாள் தவறாமல் காலையில் போன் எடுத்து என்ன சமையல் என்று கேட்கிறவ ஒரு நாளும் எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை வியா மக்வேதா தெருவில் எதிரே வந்தவ, என்னைக் கண்டதும் ஒரு ஆம்பிளைச் சப்பாத்துக் கடைக்குள் புகுந்துவிட்டா. கேசிகா பாவம், "அம்மா, அவையின்ர வீட்டிலை ஒருத்தரும் சரியாக் கதைக்கினமில்லை, நான் என்ன பிழை செய்தனான்?" என்று கேட்குது. நான் வெங்காயத்தை எடுத்து வெட்டத் தொடங்கிவிட்டேன், கண்ணீருக்கு ஒரு காரணம் வேண்டுமே. அண்ணா, சாத்திரியாரை நேரிலே கண்டு, பலெர்மோவிலிருந்து ஆர் கேட்டாலும் குறிப்பில் உள்ள நேரம்தான் சரியென்று சொல்லச் சொல்லுங்கோ. பிள்ளையின்ர வாழ்வு இப்ப உங்கட கையிலைதான் கிடக்குது.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளையார் உங்கள் எல்லாரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

உங்கள் தங்கை,
வி. குகனேஸ்வரி

பி.கு. ஒட்டின உறையைத் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். சிவமலர் இப்போதுதான் வந்துவிட்டுப் போகிறா. வந்ததும் வராததுமாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மச்சாள், அண்டைக்கு அந்த மூலையிலை நிண்டு நான் சொன்னதெல்லாம் உங்களுக்குக் கேட்டிட்டுது. நீங்கள் என்னைப் பாத்த பார்வையிலையே விளங்கீட்டுது. கல்யாணத்தைக் குழப்பிப் போடாதேங்கோ" என்றா. அவவும் வேண்டுதல் இடமென்றுதான் நினைத்தாவாம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொல்லிக்கொண்டு நின்றதால் ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. அதைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அவ எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டா: விதுரனுக்கு எட்டாம் வீட்டில் செவ்வாயாம், நேரத்தைப் பன்னிரண்டு நிமிடம் முந்திப் போட்டுக் குறிப்பைத் திருத்தினார்களாம். சாமி அறையில் வெள்ளிக்கிழமை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் என்னுடையதையும் சொன்னேன். அவ விரல் மடித்து ஏதோ எண்ணினா. பிறகு, "உங்கட பிள்ளைக்கும் செவ்வாய், என்ர பொடியனுக்கும் செவ்வாய். அப்ப இது திருத்தாமலே பொருந்துதெல்லோ?" என்றா.

பொருந்துகிறது அண்ணா. உங்களுக்கு ஆர் திருத்தித் தந்தது என்று கேட்டேன். ஊரிலே ஒரு நல்ல மனுசன் தன் சாத்திரியாரைக் கொண்டு செய்வித்துத் தந்தவராம், பெண் வீட்டுக்கு மட்டும் மூச்சுவிடக் கூடாதென்று சத்தியமும் வாங்கினவராம். உங்கள் பெயரைச் சொன்னா. இரண்டு குறிப்பையும் ஒரு மேசையில் வைத்துத் திருத்துவித்த நீங்கள், திருத்த முதல் ஒருக்கால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் என்ன?

மேலே நான் நன்றி சொன்ன வரியைச் சிவப்புப் பேனாவால் வெட்டியிருக்கிறேன். சாத்திரியாரிடம் போக வேண்டாம். பத்தாம் திகதி அவர்கள் திருத்தாத பழைய குறிப்போடு வருகிறார்கள். இந்தக் கடிதம் உங்கள் கைக்குக் கிடைத்த அன்று பின்னேரம் நானும் சிவமலரும் சேர்ந்து வைபரில் எடுப்போம். அண்ணியைப் பக்கத்தில் இருத்தி வையுங்கோ.