ஈஸ்ட் அண்ணாச்சியும் என் போர்வையும்

குப்பைக் காகிதத்தைப் பார்த்ததும் பெட்ரோல் பங்க் ஞாபகம் வருகிற மனிதர் இந்தப் பூலோகத்தில் ஒருவர்தான் இருந்தார். என் கெட்ட நேரம், எண்பதுகளின் கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவரோடு ஒரே அறையில் குடியிருந்தேன்.

ராஜபாளையம் பக்கம் ஒரு பேப்பர் மில்லில் அவருக்கு லேப் வேலை. பெயர் என்னவோ, தெருவுக்கு அவர் ஈஸ்ட் அண்ணாச்சி. மில்லில் கழித்துப்போடும் கூழை வாளி வாளியாகக் கொண்டுவந்து அறை மூலையில் ஒரு பீப்பாயில் கொட்டுவார். தவிட்டில் அவரே வளர்த்த பூஞ்சையின் என்சைம் கூழைச் சர்க்கரையாக்குமாம். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று எத்தனால் ஆக்குமாம். அதைக் காய்ச்சி வடித்து, மொபெட்டில் ஊற்றி, மேனேஜர் கண் முன்னால் போய் இறங்க வேண்டும். அவருக்கு வாழ்க்கையில் வேறு ஆசையே கிடையாது.

முதல் இரண்டு பீப்பாய் ஈஸ்ட்டும் மார்கழிக் குளிரில் செத்தது. மனுஷன் துக்க வீட்டுக்காரர் மாதிரி சாப்பிடாமல் கிடந்தார். மூன்றாவது பீப்பாய்க்கு என் போர்வையைச் சுற்றிவிட்டார்.

"அண்ணாச்சி, எனக்குக் குளுருதே?"

"ஒனக்கு வாயிருக்கு, சொல்லுத. அதுக பாவம், யாருகிட்டப் போயிச் சொல்லும்?"

பிழைத்துக்கொண்டது. 'புளுக் புளுக்' என்று கொப்பளித்தது. கூடவே வாசம். சாட்சாத் சாராய ஊறல் வாசம்.

அந்த வாரம்தான் எனக்கு அரசாங்க வேலை கிடைத்து, நன்னடத்தை விசாரிக்க ஏட்டு வருவதாகத் தகவலும் வந்தது. ஊறல் போட்ட அறையில் இருப்பவனுக்கு எவன் ஆர்டர் கொடுப்பான்? ஒரு கட்டு ஊதுபத்தியை மொத்தமாகக் கொளுத்தினேன். சாராயக்கடையில் பூஜை நடக்கிற மாதிரி ஆனதுதான் மிச்சம்.

"எங்கயாவது தூக்கிட்டுப் போயிருங்க அண்ணாச்சி. கால்ல விழுதேன்."

"அசைச்சா செத்துரும்லே. இன்னும் ரெண்டே நாளு."

ஏட்டு வரவேண்டிய காலையில் நான் குளித்துவிட்டு வந்தால், மூலை காலி. வாசலில் பீப்பாய் கவிழ்ந்து கிடந்தது. அண்ணாச்சி சாக்கடையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"என்னய்யா, தெருவே மணக்கு?"

"காயிதக் கூழு ஏட்டையா. நாந்தான் ஊத்துனேன். இந்தத் தம்பிக்கு ஒண்ணுந் தெரியாது. வேணும்னா என்னயக் கூட்டிட்டுப் போங்க."

ஏட்டு குனிந்து அந்தச் சாம்பல் நிறக் கூழைப் பார்த்தார். "இத மாடுகூடக் குடிக்காதேய்யா" என்று சொல்லிவிட்டு, எனக்கு நல்லபடியாகவே எழுதிக்கொண்டு போனார்.

"குடிக்கவா செஞ்சேன்?" என்று அண்ணாச்சி முனகினார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏலே, ஆர்டர் வந்துரும்லா?" என்றார். போர்வையை உதறி மடித்து என் பாயில் வைத்தார்.

வேலைக்குப் போன ஊரிலும் அதைத்தான் போர்த்திக்கொண்டேன். புளித்த கூழ் வாடை குடலைப் புரட்டும். ஆனாலும் ரொம்ப நாளைக்கு அதைத் துவைக்க எனக்கு மனசு வரவில்லை.