பாப்பா பேரில் ஒரு கொக்கி

ஊரில் பாதிக் கடைகளுக்குப் பேர் எழுதியவர் அவர்தான். அதனால் எல்லோரும் அவரைப் போர்டுக்காரர் என்றே கூப்பிட்டார்கள். சொந்தப் பேர் என்னவென்று கேட்டால் தலையைச் சொறிவார்கள். அப்படிப்பட்டவர், மகள் பிறந்ததும் ஒரு சபதம் எடுத்தார். பாப்பாவுக்கு வைக்கிற பேர் வேறு எந்தக் குழந்தைக்கும் இருக்கக் கூடாது.

"நிலான்னு வைக்கலாமே" என்றாள் மனைவி. அவள் தமிழ் டீச்சர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்தப் பேரை மனசில் வைத்திருந்தவள்.

"நிலாவா? தெருமுனையில நின்னு நிலான்னு ஒரு குரல் குடு. வீட்டுக்கு ஒண்ணு ஓடி வரும்."

"நல்ல பேருன்னுதானே எல்லாரும் வைக்கிறாங்க."

"அதனாலதான் வேண்டாங்கிறேன்."

இதில் அவருக்கு ஒரு பழைய வலி இருந்தது. அவர் பிறந்த சமயத்தில் அவருடைய பேருக்கு ஏகப்பட்ட கிராக்கி. வகுப்பில் வாத்தியார் அந்தப் பேரைச் சொன்னால் ஒரு வரிசையே எழுந்து நிற்கும். குண்டாக இருந்தவன் குண்டு ஆனான், உயரமானவன் நெட்டை ஆனான். அடையாளம் சொல்ல ஒன்றுமில்லாத இவர் 'இன்னொருத்தன்' ஆனார். பள்ளிக்கூடம் முடியும்வரை இன்னொருத்தனாகவே இருந்தார். மகளுக்கு அந்தக் கதி வரக் கூடாது. 

மனைவி பாப்பாவை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே, "என் முத்தே, என் முத்துக்குட்டியே" என்று கொஞ்ச ஆரம்பித்தாள். காலையில் முத்து, மத்தியானம் முத்து, பாலூட்டும்போதும் முத்து.

"முத்துன்னே வச்சிடலாமாங்க?"

"முத்து ஆம்பளப் பேரும்மா."

"அதுவும் சரிதான். முத்துன்னு அர்த்தம் வரணும், முத்துன்னு இருக்கக் கூடாது. அப்படியெல்லாம் எங்க கிடைக்கப்போகுது? விடுங்க."

விடுவாரா? மேசை மேல் மனைவியின் தடித்த அகராதி கிடந்தது. போர்டுக்காரர் அதோடு மல்லுக்கட்டினார். சாயங்காலம் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார்.

"கண்டுபிடிச்சிட்டேன். நித்திலா."

"நித்திலாவா? அப்படின்னா?"

"நித்திலம்னா முத்து. பழைய பாட்டுல எல்லாம் வர்ற வார்த்தையாம். இந்தத் தெருவுல ஒரு நித்திலா இருந்தா காட்டு, நான் பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுடறேன்."

"எனக்குத் தோணவே இல்லையே. நீங்க ஆளு கெட்டிக்காரருங்க."

தமிழ் டீச்சருக்கே ஒரு தமிழ்ச் சொல்லைச் சொல்லிக்கொடுத்த பெருமையில் அவர் கால் தரையில் பாவவில்லை. கல்யாணமான நாளாகப் பேருக்குத்தான் அவர் குடும்பத் தலைவர். இன்றைக்குப் பேரிலேயே ஜெயித்துவிட்டார். பதிவு அலுவலகத்துக்குப் போய் நித்திலா என்று பதிந்துவிட்டு, வரும் வழியில் சந்தித்தவர்களிடமெல்லாம் அர்த்தம் சொன்னார்.

"நீங்களே ஒரு பலகையில எழுதிக் குடுங்களேன்" என்றாள் மனைவி. "பாப்பா ரூம்ல மாட்டலாம். எழுத்தைக் கொஞ்சம் இடம் விட்டு எழுதுங்க, பளிச்சுனு தெரியட்டும்."

அவர் நல்ல மரமாகப் பார்த்து இழைத்து, நீல எழுத்தில் எழுதினார். நி. த். தி. லா. இவ்வளவு அழகாக அவர் எந்தக் கடைக்கும் எழுதியதில்லை.

"அப்படியே நட்டநடுவுல ஒரு கொக்கி அடிச்சிடுங்க. பாப்பா துண்டு மாட்ட வசதியா இருக்கும்."

கணவனுக்கு ஜெயித்த மயக்கம். த்-துக்கும் தி-க்கும் நடுவில், பலகையின் மேல் விளிம்பில், அளந்து, தன் கையாலேயே அடித்தார்.

மறுநாள் எதிர்வீட்டு அக்கா பாப்பாவைப் பார்க்க வந்தாள். சுவரைப் பார்த்தாள். "நிலா. நல்ல பேரு. சின்னதா, வாய்க்கு அடக்கமா."

போர்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். இடது ஓரத்தில் நி. வலது ஓரத்தில் லா. நடுவில் கொக்கியிலிருந்து அகலமாக ஒரு துண்டு தொங்கியது.

"அக்கா, நடுவுல ரெண்டு எழுத்து இருக்கு."

"இருந்துட்டுப் போகுதுப்பா. ஏய் நிலாக்குட்டி." பாப்பா பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. அதுவரை அது யாரைப் பார்த்தும் சிரித்ததில்லை. 

அக்கா போனதும் அவர் மனைவியிடம் வந்தார். "நித்திலம்னா முத்துன்னு உனக்கு முன்னாடியே தெரியும், இல்ல?"

"போன வருஷம் நடத்தின பாடங்க."

"அகராதி மேசை மேல எப்படி வந்தது?"

"தூசி தட்ட எடுத்தேன்."

"இந்தக் கொக்கி?"

"அது நீங்க அடிச்சதுங்க."

 "என் பொண்ணும் கூட்டத்துல இன்னொருத்தி ஆயிடக் கூடாதுன்னுதான் இவ்வளவு பாடுபட்டேன்."

"ஆகமாட்டா. ஊருக்கு நித்திலா, அவ ஒருத்திதான். வீட்டுக்குள்ள மட்டும் நிலா. வீட்டுல நமக்கு வேற நிலா இருக்கா என்ன?"

அவருக்குக் கௌரவம் மட்டும் மிச்சம் இருந்தது. "எதுவா இருந்தாலும் சரி, முதல்ல அந்தத் துண்டை எடு."

"ஈரமா இருக்குங்க. உங்க எழுத்துல ஒண்ணையும் நான் அழிக்கல. காஞ்சதும் எடுத்துடறேன்."

நியாயமாகத்தான் பட்டது. போர்டுக்காரர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, துண்டு காய்வதற்காக உட்கார்ந்தார். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் துண்டு காய்ந்ததாக இதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை.